கீறல் விழாத பழைய துப்பாக்கிகள்

மனைவிக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்க வரும் கணவன்மார்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அமெரிக்காவின் துல்சா நகரத்தில் இந்தத் துப்பாக்கிக் கடையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன், எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். அன்று மனைவி லொரீனோடு வந்த டுவெய்னும் பாடினான்.

"லொரீனுக்குச் சின்னக் கை. அந்தச் சின்னப் பிஸ்டலே போதும், வெர்னன்."

நான் லொரீனிடம் கேட்டேன். "எங்க வெச்சுக்கப் போறீங்கம்மா? கைப்பையிலயா?"

"இல்ல, வீட்லதான். கட்டில் பக்கத்துல பூட்டி வெக்கணும்."

சின்னதையும் பெரியதையும் எடுத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் சுடுதளத்துக்கு அவர்களை அழைத்துப்போனேன். சின்னது அவள் உள்ளங்கையில் உதைத்தது. மூன்றாவது குண்டிலேயே, விசையை அழுத்துமுன் கண்ணை மூடத் தொடங்கிவிட்டாள். பெரியது கனம்தான், ஆனால் அந்தக் கனமே உதையை வாங்கிக்கொண்டது. பத்துக் குண்டும் இலக்குத் தாளின் நடுவில் ஒரு தட்டளவு இடத்துக்குள் விழுந்தன.

"பெரிசையே எடுத்துக்கறேன்," என்றாள்.

படிவம் நிரப்பும்போது, பழைய துப்பாக்கிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியை அவள் பார்த்தாள்.

"இதுல ஏன் எல்லாமே சின்னதா இருக்கு? ஒரு கீறல்கூட இல்லையே."

"புருஷங்க ஆசையா வாங்கிக் கொடுத்தது. ஒரு தடவை சுட்டுப் பாத்துட்டு, பொண்டாட்டிங்க இங்கயே வித்துட்டுப் போயிட்டாங்க."

டுவெய்ன் அப்போதுதான் சிரித்தான். "உன் வீட்டம்மாவுக்கு நீ எதை வாங்கிக் கொடுத்தே, வெர்னன்?"

"ரெண்டாவது வரிசையில மூணாவது," என்று அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினேன்.