பதினொன்றாம் நம்பர் வண்டி

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் கணவர் நில அளவர். ஆபீஸ் பலகையில் கார் ராலி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று, அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசினார்.

"இது ரேஸ் இல்ல. நம்ம சாதாரண ரோடுதான். கெளம்புறப்ப ஒரு புத்தகம் தருவாங்க. ஒவ்வொரு திருப்பத்துக்கும் தூரமும் ஒரு சின்னப் படமும் இருக்கும். சொன்ன நேரத்துக்குக் கரெக்டா போய்ச் சேரணும். முன்னாடி போனாலும் மார்க் போயிடும், பின்னாடி போனாலும் போயிடும். நீ ஓட்டு, நான் வழி சொல்றேன்."

"இருபத்தாறு வருஷமா அதைத்தானே பண்றீங்க?" என்று சிரித்தாள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பழைய புத்தகம் ஒன்றை வைத்துப் பழகினார்கள். இரண்டு முறை இடது என்று சொல்லி வலப்பக்கம் கையைக் காட்டினார். "நெனப்பெல்லாம் எங்க மேயப் போச்சு?" என்று அவள் கடிந்துகொண்டாள். ஒரு வருடமாகவே அடிக்கடி அப்படித்தான் கடிந்துகொண்டிருந்தாள்.

ராலியன்று காலை, நிமிடத்துக்கு ஒன்றாக வண்டிகளை அனுப்பினார்கள். இவர்களுடையது பதினொன்றாம் நம்பர். நேரம் குறிக்கும் முதல் சாவடிக்கு நான்கே நொடிகள் தாமதம். "புதுசா வர்றவங்களுக்கு இது பெரிய விஷயம்" என்றார் அங்கிருந்தவர். கணவருக்கு வாயெல்லாம் பல்.

அதன்பின் அவர் வழி சொல்வது குறைந்தது. சாலை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது.

"லெஃப்டா, ரைட்டா?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். "நேரா."

நேரே மதில்சுவர்தான் இருந்தது. பிரேக்கை அழுத்தினாள். பின்னால் ஹாரன் அலறியது.

"விளையாடுறீங்களா? இதுக்குத்தான் என்னை இழுத்துட்டு வந்தீங்களா?"

புத்தகத்தில் ஒரு படத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். "இது என்னன்னே புரியலம்மா" என்றார், மிக மெதுவாக.

பழகிய நாட்களில் அந்தப் படங்களை அவளுக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"ரெண்டு மாசமா ஆபீஸ்ல வரைபடம் போட வரல. பக்கத்து சீட்டுக்காரர்தான் போட்டுத் தர்றார். இதை முடிச்சுட்டா எனக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிடும்னு நெனச்சேன்."

கடிந்துகொண்ட ஒவ்வொரு சொல்லும் அவளையே திரும்பக் குத்தியது.

"வீட்டுக்குப் போயிடலாமாங்க?"

"வேணாம். முடிச்சிடலாம்."

புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பத்துக்குத் திருப்பம் நிறுத்திப் படித்துப் படித்து ஓட்டினாள். போய்ச் சேர்ந்தபோது மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

"எத்தனை செகண்ட் லேட்டு?" என்று கணவர் கேட்டார்.

அந்தப் பெண் தயங்கினாள். "ஒன்றரை மணி நேரம் சார்."

அவர் தலையசைத்து, "இவ மேல தப்பில்லம்மா. நல்லாத்தான் ஓட்டினா" என்றார்.

மூன்று வாரப் பரிசோதனைகளுக்குப் பிறகு மருத்துவர் அந்த மறதி நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். இனி கூடத்தான் செய்யும் என்றும் சொன்னார். விருப்ப ஓய்வுக் கடிதத்தை அவள்தான் எழுதினாள். கையெழுத்து மட்டும் அவருடையது.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். பயிற்சிக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாய்விட்டு அழுதாள். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண் கதவருகே காத்து நின்றிருந்தாள்.