கெட்டி மெத்தை

நல்லையா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பழைய சேலையை மடித்துத் தைத்த பைக்குள் கைப்பிடி கைப்பிடியாகப் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார். உள்ளே மனைவி பூங்காவனம் முனகினாள். கை நின்றது. மகன் ஜெயபாலன் அவளைப் புரட்டிப் படுக்க வைக்கிறான் போல.

“டேய், இடுப்பைப் புடிச்சு இழுக்காதடா. அடியில கை குடுத்துத் திருப்பு.”

“அப்படித்தாம்பா செய்றேன்.”

“அப்புறம் ஏன் முனகுறா?”

நல்லையா மறுபடி திணித்தார்.

அவளுக்கு வயிற்றில் வியாதி. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வேறு எவனுக்கோ கட்டில் வேண்டியிருந்தது, அதனால்தான் தள்ளிவிட்டார்கள் என்பது நல்லையாவின் எண்ணம். வந்தபோதே அவள் உடம்பில் எலும்புதான் மிச்சம். பலகைக் கட்டிலில் பாய் விரித்துப் படுத்தால் இடுப்பெலும்பு பலகையில் இடிக்கும். அப்போதுதான் ஜெயபாலனை டவுனுக்கு அனுப்பி மெத்தை வாங்கி வரச் சொன்னார்.

“கெட்டியாப் பாத்து வாங்கு. அசந்தா ஏமாத்திருவான்.”

நாலு வருஷம் கிழியாமல் உழைக்கிற மெத்தை என்று அவர் நினைத்துச் சொன்னது. நாலு வருஷம் அவள் இருக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாமலில்லை. வாய்ப்பழக்கம், வந்துவிட்டது. பையன் சீனன் கடையில் போய் மலாயில் ‘கெராஸ்’ வேண்டும் என்று கேட்டிருக்கிறான். கெராஸ் என்றால் கல் மாதிரி என்று அர்த்தம். கடைக்காரர் இரண்டு தரம் கேட்டுவிட்டு, தேங்காய் நாரை அடைத்து இறுக்கித் தைத்த ஒன்றைத் திரிஷா வண்டியில் ஏற்றிவிட்டார். கட்டிலில் போட்டபோது அது மெத்தை மாதிரியே விழவில்லை. கதவு விழுந்த சத்தம் கேட்டது.

மறுநாள் நல்லையா மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போனார்.

“ஒன் மகன்தான் கெராஸ் கேட்டான். சீக்காளி படுத்ததைத் திருப்பி எடுக்க முடியாது” என்றார் கடைக்காரர்.

வரும் வழியில் மகனிடம் கேட்டார். “நீ என்னடா கேட்ட?”

“நீங்கதானப்பா கெட்டியா வாங்கச் சொன்னீங்க.”

காஜா பேராங்கில் வீடு வந்து சேரும்வரை நல்லையா மகனுக்கு முன்னால் வேகமாக நடந்தார். யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் நல்லையாவுக்குத் தாங்க முடியாமலிருந்தது.

இன்னொன்று வாங்க வழியில்லை. இருப்பதை மெதுவாக்கத்தான் வேண்டும். வெயிலில் போட்டார். தடியால் அடித்தார். தூசி வந்தது, நார் அசையவில்லை. அரிசிச் சாக்கை மடித்து மேலே போட்டார். அது உறுத்துகிறது என்றாள். பழைய வேட்டிகளை அடுக்கி விரித்தார். அவள் சூட்டிலும் வேர்வையிலும் அவை பொழுது சாய்வதற்குள் பலகையாகிவிட்டன.

பக்கத்து வீட்டு சுல்தானா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னண்ணே, மெத்தையை அடிச்சே கொன்னுருவீங்க போல. தேங்கா நாரு அடிச்சா பஞ்சாயிருமா? எங்க முத்தத்துல கெக்காபு வெடிச்சுக் கொட்டிக் கெடக்கு. பொறுக்கிக்கிட்டுப் போங்க.”

மலாய்க்காரர்கள் இலவமரத்தைக் கெக்காபு என்பார்கள். காஜா பேராங்கில் எல்லோருக்கும் அந்தப் பேர்தான்.

“எதுக்குக் குடுக்குற?”

“எதுக்கா? அக்கா படுக்கத்தான். அந்தப் பஞ்சை வச்சு நான் சோறா ஆக்கப் போறேன்?”

நல்லையா அவள் கண்முன்னாலேயே ஒவ்வொரு காயையும் உடைத்து, புழுவோ எறும்போ இருக்கிறதா என்று பார்த்துத்தான் கூடையில் போட்டார்.

“நல்லாப் பாருங்கண்ணே. உள்ள பாம்பு வச்சிருக்கேன்” என்று சிரித்தாள் சுல்தானா.

அந்தப் பஞ்சைத்தான் கொட்டை நீக்கி, காயவைத்து, இப்போது திணித்துக்கொண்டிருந்தார். இடுப்புக்கு நேரே கூடுதலாக, தோளுக்குக் கொஞ்சம், குதிகாலுக்குக் கொஞ்சம். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமலிருக்கக் கோணி ஊசியால் குறுக்கே தையல் ஓட்டினார். தையல் கோணல்மாணலாகத்தான் இருந்தது. அப்பனும் மகனுமாக அவளைத் தூக்கி, பையை மெத்தைமேல் விரித்து, மறுபடி கிடத்தினார்கள்.

“இப்ப?”

பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டே யோசித்தாள். “தேவலைங்க.”

அப்படியே தூங்கிப்போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முனகாமல் தூங்குவது அன்றைக்குத்தான். நல்லையா பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் லாரி லாரியாக ஆட்கள் கத்திக்கொண்டு போனார்கள். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் என்றைக்கு என்று பந்தார் ஹிலிர் திடலில் சொல்லப்போகிறார்களாம். ஜெயபாலன் சன்னல் பக்கம் பார்த்தான்.

“போறதுன்னா போ.”

“இல்லப்பா.”

உச்சி வெயிலில் செமாபோக்கிலிருந்து பொன்னம்மா வந்து சேர்ந்தாள். பூங்காவனத்தின் தங்கை. கூட்டத்தில் பஸ் நகரவில்லை, பாதி வழி நடந்தே வந்தேன் என்றாள். அக்கா முகத்தைப் பார்த்தாள். பாதத்தைத் தொட்டாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் பெருக்கினாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தைக் கழுவினாள்.

நல்லையாவுக்குப் புரிந்துவிட்டது.

“என்ன செய்யுற?”

“கால் சில்லுன்னு இருக்கு மாமா. அக்காவைக் கீழ எறக்கிரலாம்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது? கட்டில்ல வச்சா அனுப்புறது? அதுவும் இலவம் பஞ்சு மேல? உசுரு பிரியாது மாமா, இழுத்துக்கிட்டே கெடக்கும். அம்மாவை எறக்குனோம். அப்பாவை எறக்குனோம்.”

“ஒங்கம்மாவுக்கு ஒடம்புல சதை இருந்துச்சு.”

பொன்னம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

“இத்தனை நாளும் எலும்பு இடிச்சு இடிச்சுக் கெடந்தா. இன்னைக்குத்தான் கண்ணை மூடித் தூங்குறா. அவளைத் தூக்கி சிமிட்டியில போடணுமா? போ, போயி வேலையைப் பாரு.”

“எங்கக்கா போற வழி கெட்டுப்போனா நீங்களா மாமா பதில் சொல்லுவீங்க?” பொன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நல்லையா பூசாரியை நம்பியதில்லை, சாங்கியத்தை நம்பியதில்லை. ஆனால் பூங்காவனம் நம்பினாள். வெள்ளிக்கிழமை விளக்கை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அவள் மூச்சு இப்போது தொண்டையில் தட்டித் தட்டி வந்தது. அது பஞ்சினால்தானா என்று யாரைக் கேட்பது? கேட்டால்தான் எவன் உண்மையைச் சொல்வான்?

“அம்மாவையே கேளுங்களேன்ப்பா” என்றான் ஜெயபாலன்.

நல்லையா அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து அவள் காதருகே வாயை வைத்தார்.

“இந்தா, பூங்காவனம். ஒன் தங்கச்சி வந்திருக்கா. ஒன்னைக் கீழ எறக்கணுங்கிறா.”

காதில் விழவில்லை என்றுதான் நினைத்தார். பிறகு உதடு அசைந்தது.

“எறக்கிருங்க.”

பொன்னம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். பூங்காவனம் இன்னும் முடிக்கவில்லை.

“தரை வலிக்குமே” என்றாள்.

நல்லையா எழுந்து நின்றார். கழுவிய இடத்தைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். போய் அந்த ஈரத்தரையிலேயே சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

“கொண்டாங்க.”

“என்ன மாமா இது?”

“தரையில நான் இருக்கேன். என் மேல அவ இருக்கட்டும். தூக்கிட்டு வாங்க.”

“அக்கா தரையில படணும் மாமா.”

“குதிகால் படட்டும். அது போதும்.”

ஜெயபாலன் தோளைப் பிடிக்க, பொன்னம்மா காலைப் பிடித்தாள். கொண்டுவந்து அவர்மேல் சாய்த்தார்கள். அவளுக்குக் கனமே இல்லை. இடுப்பெலும்பு மட்டும் அவர் தொடையில் குத்தியது. அவர் காலை அகற்றி, அது பள்ளத்தில் இறங்கும்படி செய்தார். முதுகு அவர் வயிற்றில் பதிந்தது. தலை நெஞ்சில் சாய்ந்தது. பொன்னம்மா அக்காவின் ஒரு குதிகாலைத் தரையில் வைத்தாள். மற்றதை வைக்கப் போனவள், கடைசியில் தன் உள்ளங்கையை அடியில் கொடுத்துக்கொண்டாள்.

“குத்துதா?” என்று கேட்டார் நல்லையா.

அவள் தலையை அசைத்தாள். ஆமென்றா இல்லையென்றா, தெரியவில்லை.

“தம்பி, பாலை ஊத்துய்யா” என்றாள் பொன்னம்மா.

ஜெயபாலன் கரண்டியால் ஊற்றினான். கொஞ்சம் இறங்கியது. மிச்சம் கடைவாயில் வழிந்து நல்லையாவின் கையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் முதுகு அவர் வயிற்றை அமுக்கியது, பிறகு விட்டது. அமுக்கியது, விட்டது. ஒரு தரம் விட்டது, அதற்கப்புறம் அமுக்கவில்லை.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. பொன்னம்மா நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்து அலறியபிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. சுல்தானா ஓடிவந்து வாசற்படியில் நின்றாள்.

சற்றுப் பொறுத்து ஜெயபாலன் பக்கத்தில் மண்டியிட்டான்.

“அப்பா, எந்திரிங்க. அம்மாவை நேராப் படுக்க வைக்கணும்.”

“இரு. காலு மரத்துப்போச்சு.”

ஜெயபாலன் அவர் காலைப் பிடித்துவிடக் கையைக் கொண்டுபோனான்.

“விடு” என்றார் நல்லையா.

தரையின் ஈரம் வேட்டியில் ஊறி இடுப்புவரை ஏறியிருந்தது. அவர் அசையவில்லை.