தோணி நிழல் விழுந்த கார்

1931-ஆம் ஆண்டு நாகர்கோவில் பக்கம் ஓடிய கார்களுக்குக் கார் நிழல் விழவில்லை. காரின் சொந்தக்காரர் மனதுக்குள் எந்த வண்டியில் போகிறாரோ அந்த வண்டியின் நிழல்தான் தரையில் விழுந்தது. பெரிய வக்கீல் ஒருவரின் புது செவர்லேக்குக் குழந்தைகளின் நடைவண்டி. மூன்று நாள் கூச்சப்பட்டார், பிறகு அவரே காட்டிச் சிரித்தார். கருப்பட்டி வியாபாரி பகவதியப்பனுக்குத் தேர். வடம் பிடிக்கிற கூட்டம்கூட நிழலில் தெரிந்தது. ஊர் சில வாரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் பழகிக்கொண்டது. கல்யாணத் தரகர்கள்தான் திண்டாடினார்கள். மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினால் பெண்வீட்டார் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அதனால் பெண்பார்ப்பது சித்திரை மாத உச்சிவேளைக்கு மாறியது. அப்போது இங்கே சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கும். நிழல் காருக்கு அடியிலேயே ஒடுங்கிவிடும்.

அப்படியொரு உச்சியில் ரப்பர் எஸ்டேட்காரர் ஞானையன் கோட்டாற்றில் ஜவுளிக்கடை ரசலையன் வீட்டுக்குப் பெண்பார்க்கக் காரில் வந்தார். சாப்பாடு முடிந்ததும் நாள் குறிப்பதாகப் பேச்சு. ரசலையனின் மகள் ஞானபாய் குளச்சலில் டீச்சர். அவளுக்கு இதில் மனமில்லை. “காரணம் சொல்லுட்டி” என்று அப்பா கேட்டபோது சொல்வதற்குக் காரணம் எதுவும் அவளிடம் இல்லை. எனவே அவள் பலாப்பழப் பாயசமான சக்கைப் பிரதமனை எடுத்துக்கொண்டு விளம்ப வந்தாள். ஞானையனுக்குப் பிரதமன் என்றால் உயிர். அவர் குடித்து முடிக்குமுன் அவள் மறுபடி ஊற்றினாள். டிரைவர் வாசலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

“முதலாளி, வெயில் சாயுது.”

“சாயட்டும்டே. இந்தக் கைப்பக்குவம் எங்க கிட்டும்?”

அம்மா நேசம்மாள் அடுக்களையில் அவளைக் கிள்ளினாள். “ஏட்டி, உருளியையே கவுத்துருவியா?”

“விருந்தாளி கேக்காருல்லா, அம்மை.”

ஞானையன் ஏப்பத்தோடு வெளியே வந்தபோது தெருவில் ஒரு பல்லக்கு நீண்டு கிடந்தது. உள்ளே ஒரு ஆளுக்குத்தான் இடம். தூக்குகிறவர்களில் முன்னால் நின்றவள் சேலை கட்டியிருந்தாள். ரசலையன் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்ல, தம்பி. எம் மகளுக்குத் தோள்ல பலம் காணாது.”

மறுநாள் ஞானபாய் வழக்கம்போல் வாடகைக் காரில் பள்ளிக்குப் போனாள். அது ஏசுஅடிமை அந்த வழியில் ஓட்டிக்கொண்டிருந்த அவனுடைய சொந்தப் பழைய ஃபோர்டு. அதற்குத் தோணி நிழல். நிழலில் அவன் ஒரு துடுப்புப் போடுவான். இன்னொரு துடுப்பு சும்மா கிடக்கும். ஒரு வருஷமாக அதைப் பார்த்து வந்தவள் அன்றுதான் வாய் திறந்தாள்.

“அந்தத் துடுப்பு ஆருக்கு?”

“அது ஒழிஞ்சுதான் கெடக்கு, டீச்சரே. தொழையத் தெரியுமா?”

“சொல்லித் தந்தா தெரியும்.”

இருவரின் கல்யாணத்துக்குப் பிறகு அவள் காரோட்டவும் கற்றுக்கொண்டாள். யார் ஓட்டினாலும் நிழலில் இரண்டு துடுப்பும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. 1936-இல் வெள்ளம் வந்து வள்ளியாற்றுப் பாலம் முங்கியது. மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்ததும் ஃபோர்டு தன் நிழலின்மேல் ஏறி அக்கரை சேர்ந்தது. அங்கே முறைவைத்து ஆளேற்றும் தோணிக்காரர் சுடலையாண்டி இடுப்பில் கைவைத்து நின்றார்.

“எம் முறையைத் தட்டிட்டு வந்துட்டீரே, வேய்!”

அவர் சொன்னது நியாயம். அதன்பிறகு வெள்ளம் வந்தால் ஏசுஅடிமையும் ஞானபாயும் மற்றத் தோணிகளுக்குப் பின்னால் காரை நிறுத்தி, தங்கள் முறை வரும்வரை காத்திருந்தார்கள்.