குட்டி மாற்றும் அணில்

எனக்கு அணிலைக் கண்டாலே ஆகாது. கொய்யாவில் ஒன்றைக்கூட முழுசாக விடாத ஜென்மம். போன வாரம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த என் படங்குச் சாக்கைப் பல்லால் கிழித்து, நூலை வாய் நிறையத் திணித்துக்கொண்டு ஓடியது. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்ட எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

அந்த நூல் போன இடம் இன்று காலை தெரிந்தது. மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கொப்பு வெட்டச் செல்லசாமி அண்ணன் கத்தியோடு எங்கள் மலைக்கு வந்திருந்தார். அவர் சவுக்கு மரத்தில் கை வைத்ததும் மேலே கீச்கீச்சென்று ஒரே கூச்சல். ஒவ்வொரு கத்தலுக்கும் வால் வெடுக்கென்று துள்ளியது. கவட்டையில் கூடு. சற்று நேரத்தில் அணில், மயிர் முளைக்காத ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு இறங்கியது. குட்டி தாயின் கழுத்தை மாலைபோலச் சுற்றியிருந்தது. தேயிலைக்கு அடியில் ஓடி, பாதையோர வாகையில் ஏறியது. அங்கே இன்னொரு கூடு கட்டி வைத்திருக்கிறது, கெட்டிக்காரி. ஆனால் ஒரு வாயில் ஒரு குட்டிதானே கொள்ளும்?

என் கோபமெல்லாம் எங்கே போனதோ!

“கொஞ்சம் பொறுங்கண்ணே. குட்டிய மாத்துது.”

“மழ வர்றதுக்குள்ள முடிக்கணும் வடிவு. அணிலப் பாத்துக்கிட்டு நின்னா கண்டாக்கு என்னையத்தான் ஏசுவாரு.”

கெஞ்சினால் நடக்காது என்று தெரிந்தது.

“சாமி கும்புட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் கழிக்குமுன் கற்பூரம் கொளுத்தாமல் எங்கள் தோட்டத்தில் யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள். நிழல் மரத்துக்கு அந்த வழக்கம் கிடையாது. அது எனக்கும் தெரியும்.

“அது கவ்வாத்துக்குத்தானே?”

“கத்தி ஒன்னுதானே? நீங்க விழுந்தா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?”

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் கூடையை இறக்கிவிட்டார்கள். எங்கள் வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கும் சாமி விசயம் என்றதும் தடுக்கவில்லை. தேங்காய் எடுக்க நானே லயத்துக்குப் போனேன். அவ்வளவு மெதுவாக என் வாழ்நாளில் நடந்ததில்லை.

ஆனாலும் கற்பூரம் அணைந்தபோது கூட்டுக்குள் சின்னதாக ஒரு கீச்சு கேட்டது. இன்னும் ஒரு குட்டி மிச்சம். செல்லசாமி அண்ணன் ஏறிவிட்டார். நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“இப்ப வெட்டுங்க. கொப்பு என் தலையிலயே விழட்டும்!”

கண்டாக்கு கத்தினார். நான் கையை எடுக்கவில்லை.

அணில் வந்தது. இத்தனை ஆட்களுக்கு நடுவே, என் தோளில் ஏறி, அண்ணனின் முழங்காலைத் தாண்டி, கடைசிக் குட்டியோடு இறங்கிப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இனி வெட்டுங்கண்ணே” என்று விலகினேன்.

அவர் வெட்டவில்லை. அணில் மறுபடியும் வந்துகொண்டிருந்தது. வெறுங்கூட்டில் தலையை விட்டது. உள்ளே புகுந்து துழாவியது. வெளியே வந்து சுற்றிலும் பார்த்துவிட்டுப் போனது.

“அதான் முடிஞ்சிருச்சில்ல, வெட்டு” என்றார் கண்டாக்கு.

அண்ணன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அதுக்கு எண்ணத் தெரியாதுங்கய்யா. இன்னொரு தடவ வந்து பாத்துக்கட்டும்.”