ஆசையே இல்லாத அக்கா

கண் மருத்துவமனைக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அக்காவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. வலது கண்ணில் உள்ளங்கை அகலக் கட்டு, அதன்மேல் பாதி முகத்தை விழுங்கும் கறுப்புக் கண்ணாடி, சாயம் பூசாமல் விட்ட தலைமுடி. நாற்பது வருடம் சுவரொட்டிகளில் சிரித்த முகம் இதுதான் என்று சொன்னால் சுவரொட்டி ஒட்டியவனே நம்பமாட்டான். முந்தாநாள்தான் அரசியலிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். தேர்தல் தேர்தலாகத் தள்ளிப்போட்டு வந்த கண்புரை அறுவைச் சிகிச்சையை நேற்று முடித்துக்கொண்டு, இன்று கட்டுப் பிரிக்க வந்திருந்தார். டாக்டர் இன்னும் வந்தபாடில்லை. மந்திரியாக இருந்தபோது இதே டாக்டர் வாசலுக்கு வந்து கார் கதவைத் திறந்துவிடுவார்.

சுவரில் இருந்த டிவியில் நான்கு பேர் கோட்டு போட்டுக்கொண்டு அக்காவைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். தியாகி என்றார் ஒருவர். காத்திருந்து காத்திருந்து ஏமாந்துபோனவர், பாவம், என்றார் இன்னொருவர். அக்காவுக்கு இரண்டுமே எரிச்சலைக் கிளப்பின. செத்தவர்களைப் பற்றிப் பேசுகிற குரலில் அல்லவா பேசுகிறார்கள்!

கட்சித் தலைவர் பதவி அவர் காலத்தில் மூன்று முறை காலியானது. மூன்று முறையும் அவர் கேட்டார், மறைவாக அல்ல, செயற்குழுவில் எழுந்து நின்றே கேட்டார். முதல் முறை வயது போதாது என்றார்கள். மூன்றாம் முறை வயதாகிவிட்டது என்றார்கள். நடுவில், வயது சரியாக இருந்த சமயத்தில், நேரம் சரியில்லை, இந்த நெருக்கடியில் ஒரு பெண்ணை உட்காரவைத்துச் சோதித்துப் பார்க்க முடியாது என்றார்கள். செயற்குழுவின் கதவைச் சாத்திவிட்டுப் பேசிய பேச்சு என்பதால் வெளியே ஒன்றும் வரவில்லை. கட்சியில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் அக்கா. அக்காவுக்குப் பதவி ஆசையே கிடையாது என்று அவர்களாகவே ஊருக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். புகழ்ச்சி என்பதால் மறுக்கவும் வழியில்லை. அக்காவும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். கட்சி உடையக் கூடாது என்று நினைத்தார். கட்சி உடையவில்லை. அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது தலைவராக இருப்பவரை அக்கா தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒரு காலத்தில் மேடையில் அக்காவின் உயரத்துக்கு மைக்கைத் தாழ்த்தி வைத்தவர் அவர். காலையில் அவர் அக்காவின் மகளுக்கு ஃபோன் செய்திருந்தார். கட்சி அலுவலக வாசலில் ஆட்கள் கூடி, அக்காவை ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்துகிறார்களாம்.

"அக்கா வாயால ஒரே ஒரு வார்த்தை வந்தா போதும்மா. பதவிக்கு நான் ஆசைப்பட்டதே இல்லைன்னு. அவங்க தொகுதியை உனக்குத் தர்றதை நான் பாத்துக்கறேன்."

மகள் வக்கீல். பதினைந்து வருடமாக அம்மாவின் தொகுதியில் தெருத்தெருவாக அலைந்தவள். அந்த இடம் தனக்கு வரவேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஒரு சேனலுக்குச் சொல்லி, அம்மாவிடம் ஃபோனில் நேரலையாகப் பேச ஏற்பாடும் செய்துவிட்டாள். அந்த அழைப்புக்காகத்தான் இப்போது அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே பரீட்சைக்கு முன்னால் அப்படித்தான் ஆட்டுவாள்.

முன்வரிசையில் ஒரு ஓய்வு பெற்ற கண்டக்டர். பஸ்ஸின் கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரிப் பேசியே பழகிய குரல்.

"என்ன சொல்லுங்க, அந்தம்மா பெரிய மனுஷி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கு அது வேணும்னு கேட்டிருக்காங்களா? பொம்பளைன்னா அப்படி இருக்கணும்" என்றவர், பக்கத்தில் இருந்த பெண்ணைக் கட்டைவிரலால் காட்டினார். "இதோ என் மருமக. வேலை பாக்குற தையல் கம்பெனியில சூப்பர்வைசர் போஸ்ட் காலியாம். தானே போய் எனக்குக் குடுங்கன்னு கேட்டுட்டு வந்து நிக்கிறா. நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அரை நாள் லீவு போட்டு அவரைக் கூட்டிவந்தவள் அந்த மருமகள்தான். சொட்டு மருந்து விட்டதில் மாமனாரின் கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் துடைத்துவிட்டு, பஞ்சைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அக்கா முன்வரிசைப் பக்கம் குனிந்தார். தன் பெயரைச் சொல்லி இப்படி எத்தனை வீட்டில் எத்தனை பெண்களின் வாயை அடைத்தார்களோ!

"அவங்க கேக்கலைன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றார்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "ஊரே சொல்லுதே. நீங்க நியூஸ் பாக்கறதில்லையா?"

"கண்ணு சரியில்ல."

மகள் அம்மாவின் முழங்கையை அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக நடைவழிக்குக் கூட்டிப்போய், ஃபோனை அவர் காதில் வைத்தாள். "அந்த ஒரு வார்த்தைம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். கெஞ்சுகிற மாதிரித்தான் இருந்தது.

சேனல்காரர் நலம் விசாரித்தார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பதவி ஆசையே இல்லாத தலைவர்னு உங்களைச் சொல்றாங்க. வாசல்ல நின்னு கோஷம் போடுறவங்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?"

அக்கா ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆசை இருந்துச்சு. நிறைய இருந்துச்சு. மூணு தடவை எழுந்து நின்னு கேட்டேன். குடுக்கல. குடுத்திருந்தா நல்லா செஞ்சிருப்பேன், இப்ப இருக்கறவரை விட நல்லாவே செஞ்சிருப்பேன். தியாகம் அது இதுன்னு சொல்லி அதை மூடாதீங்க. நான் எதையும் விட்டுக்குடுக்கல. எனக்குத் தரல, அவ்வளவுதான்."

"அப்ப உங்களுக்கு வருத்தமா?"

"வருத்தம் இல்லப்பா. கோவம். ஓய்வு வேலைக்குத்தான், கோவத்துக்கு இல்ல."

சொல்லிவிட்டு ஃபோனை மகளிடம் நீட்டினார். மகள் அதை வாங்காமல் நின்றாள். நடைவழியில் ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பியும் வந்துவிட்டாள்.

"என் சீட்டு போச்சும்மா."

"போயிருக்கும்."

"பதினஞ்சு வருஷம்."

"தெரியும். நான் உனக்குக் கெடுதல்தான் பண்ணிட்டேன். ஆனா என் பொய்யை வித்து வாங்கற இடம் உனக்கு எதுக்குடி? செயற்குழுவுல எழுந்து நின்னு நீயே கேளு. வேணும்னு கேளு. தரமாட்டேன்னா, கதவைத் திறந்து வச்சுட்டுச் சொல்லச் சொல்லு."

மகள் ஃபோனை வாங்கிப் பைக்குள் போட்டாள். அம்மாவின் கையைப் பிடித்தபோது பிடி முன்னைவிட இறுக்கமாக இருந்தது. கோபத்தில் இறுக்கினாளா, வேறு எதனாலா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை.

கூடத்துக்குத் திரும்பியபோது அங்கே பேச்சு அடங்கியிருந்தது. டிவிக்காரர்கள் கிடைத்ததை விடுவார்களா, அதற்குள் அவர் பேசியதைத் திரும்பப் போட ஆரம்பித்திருந்தார்கள். ஆசை இருந்துச்சு, நிறைய இருந்துச்சு என்றது பெட்டி. கண்டக்டர் டிவியைப் பார்த்தார், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார், மறுபடியும் டிவியைப் பார்த்தார். அவருடைய பெரிய குரல் சின்னதாகிவிட்டது.

"ஏம்மா, அதைக் கொஞ்சம் நிறுத்து" என்றார் மருமகளிடம்.

முன்வரிசையிலிருந்து யாரோ எழுந்து போகிற செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். இடது கண்ணிலும் புரை உண்டு. அதில் எல்லாம் புகைக்குள் இருப்பதுபோலத்தான் தெரியும். கூடம் முழுக்க ஒரே மங்கல், நடுவில் டிவியின் நீல வெளிச்சம். மூணு தடவை எழுந்து நின்னு கேட்டேன் என்ற குரல் திடீரென்று பெரிதாகி, சுவரில் மோதி, உள்ளறையிலிருந்து நர்ஸை வெளியே வரவைத்தது. அக்கா தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தார். நீல வெளிச்சத்துக்குக் கீழே ஒரு பெண் குதிகால் உயர்த்தி நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலை எடுக்காமல் டிவியின் ஒலிப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.