பதினோரு மாதப் பழைய வரன்கள்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது கானாவூர் கிறிஸ்தவத் திருமணத் தகவல் மையம். அதன் உரிமையாளர் ஜெபசிங்குக்கு அறுபத்திரண்டு வயது. டெலிபோன் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து தொடங்கியது. மதுராந்தகம் முதல் முட்டுக்காடு வரை, சபை வித்தியாசம் இல்லாமல், பதினாலாயிரம் பெண்களும் பிள்ளைகளும் அவருடைய சர்வருக்குள் கல்யாணத்துக்குக் காத்திருந்தார்கள். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவள் ரெஜினா. முப்பத்தாறு வயது, பி.சி.ஏ. படித்தவள், ஒன்பது வருடமாக அங்கே வேலை. போன் எடுப்பவள் மார்கரெட். மொத்தமே மூன்று பேர்தான்.

ஒரு டிசம்பர் புயலில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. ஐந்தாம் நாள் சர்வரைப் போட்டபோது அது இரண்டு முறை முனகிவிட்டு நின்றுபோனது. ரெஜினா பிரித்து, துடைத்து, எதை எதையோ கழற்றி மாட்டி, சாயங்காலத்துக்குள் எழுப்பிவிட்டாள். அந்த ஆறு மணி நேரமும் ஜெபசிங் சுவரைப் பார்த்து முழங்காலிட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார். எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "பேக்கப்புக்கு ஒரு வழி பண்ணணும்மா."

வழி சொல்லப் படூரிலிருந்து ரஞ்சித்குமார் வந்தான். இந்த மாதிரி சேமிப்பு ஏற்பாடுகளை விற்கிற கம்பெனியில் வேலை செய்பவன். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினான். கிளவுடில் போட்டுவிட்டால் புயல் வந்தாலும் பூகம்பம் வந்தாலும் கவலையில்லை என்பது அவன் பேச்சின் சாரம்.

"அந்த மிஷின் எங்க கீது?" என்று கேட்டார் ஜெபசிங்.

"மும்பைல ஒண்ணு, சிங்கப்பூர்ல ஒண்ணு சார்."

"பொம்பளப் புள்ளைங்க போட்டோ, ஞானஸ்நானத் தேதி, அப்பன் பேரு, அட்ரஸு எல்லாம் சிங்கப்பூர்ல குந்திகினு இருந்தா, நாளைக்கு எவனாவது பாத்துட்டான்னா நான் இன்னா பதில் சொல்றது?"

ரஞ்சித்குமார் பூட்டு, சாவி, ரகசிய எழுத்து என்று ஏதோ விளக்கினான். ஜெபசிங் அதற்குள் டீ சொல்லப் போய்விட்டார்.

ரெஜினாவும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். சர்வரில் இருப்பது போக இரண்டு நகல் வேண்டும். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை நகலை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்க்க வேண்டும். ஜெபசிங் முதல் இரண்டையும் பென்சிலால் டிக் அடித்தார். மூன்றாவதில் பென்சில் நின்றது.

"ஜெபம் பண்ணி வச்சத எடுத்து எடுத்துப் பாப்பாங்களா? அது அவிசுவாசம்மா."

"அவிசுவாசம் இல்ல ஐயா. சில நேரம் காப்பி ஆன மாதிரியே காட்டும். திறந்தாதான் தெரியும்."

"தெறக்க வேண்டிய நாள் வரும்போது தெறப்போம்."

முடிவு இப்படியானது: முதல் நகலுக்கு, சர்வருக்குப் பக்கத்திலேயே ஒரு சேமிப்புப் பெட்டி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரில் இருப்பது அப்படியே அதிலும் வந்துவிடும். இரண்டாவதற்கு ஒரு ஹார்ட் டிஸ்க். சனிக்கிழமைதோறும் ஜெபசிங்கே நகல் எடுத்து, முட்டுக்காட்டில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைப்பார். அதை வேறு யாரும் தொடக் கூடாது.

"பெட்டி நெழல் மாதிரிதான் ஐயா," என்று ரெஜினா ஒருமுறைக்கு இருமுறை சொன்னாள். "இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும்."

"அப்ப கரெக்டாத்தானே வேல செய்யுது?" என்றார் அவர்.

போதகரைக் கூப்பிட்டு ஹார்ட் டிஸ்க்கின் மேல் கைவைத்து ஜெபம் செய்தார்கள். சனிக்கிழமை தவறாமல் ஜெபசிங் அதைக் கைக்குட்டையில் சுற்றி, காரின் முன் சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டு எடுத்துப் போனார். "ஆச்சாங்க ஐயா?" என்று ரெஜினா கேட்பாள். "ஆச்சும்மா" என்பார். ஒன்றரை வருடம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

ஒரு சனிக்கிழமை ரெஜினா லீவு போட்டுவிட்டு மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மதியம் ஒரு தலைமையாசிரியர் ஜெபசிங்குக்குப் போன் செய்தார். தன் மகளுக்கு நிச்சயமாகிவிட்டது, இந்த நிமிடமே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் தப்பாக நினைப்பார்கள் என்றார்.

"இதோ எடுத்துட்டேன்னு வச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டு ஜெபசிங் ரெஜினாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியலைத் திறந்தார். பெண்ணின் பேர் மூன்றாவதாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கட்டத்தில் டிக் அடித்து, நீக்கு என்பதை அழுத்தினார். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. அதற்கு ஓகே என்றார். மேலே இருந்தது எல்லோரையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிற கட்டம். பதினாலாயிரம் பேரும் போனார்கள். ஐந்து நிமிடத்தில் பெட்டியும் தன் கடமையைச் செய்து முடித்தது.

போன் வந்தபோது ரெஜினா இலையில் உட்கார்ந்திருந்தாள்.

"ரெஜினா, லிஸ்ட்டு காலியா கீதும்மா."

"எந்த லிஸ்ட்டு ஐயா?"

"எல்லா லிஸ்ட்டும்."

அவள் பிரியாணியை அப்படியே விட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் அவளுக்கு இருந்த ஒரே தைரியம் அந்த ஹார்ட் டிஸ்க்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபசிங் அதை முட்டுக்காட்டிலிருந்து எடுத்து வந்தார். ரெஜினா கைக்குட்டையைப் பிரித்து, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகி, தேதியைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"ஐயா, இது போன ஜூன் மாசத்துது. பதினோரு மாசம் ஆச்சு."

"வாரா வாரம் எடுத்துகினுதானே இருந்தேன்?"

"எடுக்கும்போது ஏதாவது மெசேஜ் வந்துச்சா?"

"வரும். ஓகே குடுப்பேன்."

டிஸ்க்கில் இடமில்லை என்பதுதான் அந்த மெசேஜ். இடத்தை அடைத்திருந்தவை சபைக் கன்வென்ஷன் வீடியோக்கள், மூன்று நாளும் முழுதாக. ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டார். "காலியாத்தானே இருந்துச்சு, வீணாப் போவுதேன்னு போட்டேன்," என்றார்.

ரெஜினாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அறுபது தாண்டிய மனிதர் எதிரில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். பழையதையாவது ஏற்றிவிடு, திங்கட்கிழமை ஜனங்கள் பார்ப்பார்கள் என்று அவர் கெஞ்சினார். ஏற்றினாள். அசதியில் அவளும் ஒன்றை மறந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணமாகாத எல்லோருக்கும் 'உங்களுக்குப் பொருத்தமான ஐந்து வரன்கள்' என்று மெசேஜ் தானாகப் போகும். கடந்த பதினோரு மாதத்தில் கல்யாணமானவர்கள் எல்லோரும் இப்போது மறுபடி கல்யாணமாகாதவர்கள்.

பத்து மணி மூன்று நிமிடத்துக்கு முதல் போன் வந்தது. மதுராந்தகத்திலிருந்து ஒருவர், வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினார். மனைவிக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருக்கிறது, அவர் போன் மாமியார் கையில் இருக்கிறது. மார்கரெட் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தது. பன்னிரண்டு மணிக்குள் எழுபது போன்.

"அக்கா, ஒரு அம்மா, வந்த அஞ்சு பேருல ரெண்டாவது பொண்ணு இன்னா வேலைன்னு கேக்கறாங்க," என்றாள் மார்கரெட், ரிசீவரைப் பொத்திக்கொண்டு.

"கேட்டா சொல்லேன்."

"அவங்க பையனுக்கு ஜனவரிலதான் கல்யாணம் ஆச்சு. நம்மதான் முடிச்சு வச்சோம். அத சொன்னா, 'தெரியும்மா, சும்மா கேட்டு வச்சிக்கிறேன்'றாங்க."

படூரிலிருந்து ஜோஷ்வா என்பவர் பேசினார். அவருக்கும் மனைவி ஷாரோனுக்கும் வரன் அமைத்ததும் இதே மையம்தான். அவர் கோபமாக இல்லை. புண்பட்டிருந்தார்.

"மேடம், என் ஒய்ஃபுக்கு அஞ்சு பேர் வந்துகீது. அதுல நான் இல்லியே?"

ரெஜினா தேடிப் பார்த்தாள். ஷாரோனின் பொருத்தப் பட்டியலில் அவர் பதினாலாவது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பின்னால் ஒரு பெண்குரல் சிரித்துக்கொண்டே, "எத்தினியாவதுன்னு கேளு" என்றது.

"இருக்கீங்க சார்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கல்யாணமானவர்களை மன்னிப்புக் கேட்டுச் சமாளிக்கலாம். இந்தப் பதினோரு மாதத்தில் புதிதாகப் பதிந்த அறுநூற்று நாற்பது பேர் எங்கும் இல்லை. அவர்கள் எழுதிக் கொடுத்த படிவங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கிழித்துப் போட்டிருந்தார்கள். அவர்களிடம் போய் மறுபடி விவரம் கேட்டால் மையத்தின் மானம் போய்விடும். இரண்டு நாள் ஜெபசிங் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மார்கரெட்தான் சாதாரணமாகச் சொன்னாள்: "ஐயாதான் புதுசா வர்ற ஒவ்வொரு ஃபாரத்தையும் போட்டோ புடிச்சு போதகருங்க குரூப்ல போடுவாரே?"

ரெஜினா திரும்பி அவரைப் பார்த்தாள். "எத்தன குரூப்பு ஐயா?"

"ஒரு இருபத்தாறு கீதும்மா. ஆனா அதெல்லாம் அப்பப்ப அழிச்சிடுவேன். போன் ரொம்பிடுது."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். உண்மைதான், போனில் ஒன்றுமில்லை. ஆனால் வாங்கிய அன்றே கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஏற்பாட்டின்படி, எடுத்த படமெல்லாம் அவர் பேரில் இருந்த இன்டர்நெட் கணக்கில் தானாக ஏறிக்கொண்டே இருந்தது. உள்ளே போய்த் தேடினாள். அறுநூற்று நாற்பது படிவமும் தேதிவாரியாக இருந்தன. நடுநடுவே முட்டுக்காட்டுப் படகுகளும் பேரனும்.

"இது எங்க கீதும்மா?" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"கிளவுட்ல ஐயா."

"சிங்கப்பூரா?"

"எந்த ஊர்னு தெரியல."

பொம்பளைப் பிள்ளைகளின் போட்டோவும் அப்பன் பேரும் அட்ரஸும் பூட்டோ சாவியோ இல்லாமல் இருபத்தாறு குரூப்பில், எத்தனையோ நூறு போனில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பற்றி ரெஜினா எதுவும் சொல்லவில்லை. அவருக்கே அது புரிய இரண்டு நிமிடம் ஆனது. புரிந்ததும், "குரூப்ல போடறத இன்னியோட நிறுத்திடறேன்," என்று தானே சொன்னார்.

ரஞ்சித்குமார் மறுபடி வந்தான். இந்த முறை ஜெபசிங் எல்லாவற்றையும் வாங்கிவிடும் வேகத்தில் இருந்தார். ரெஜினாதான் நிறுத்தினாள். பெட்டி நிழலாக இல்லாமல் தினம் ஒரு தனி நகல் வைக்கும்படி மாற்றினாள். முப்பது நாள் நகல்கள் இருக்கும். இன்று அழித்தாலும் நேற்றையது கிடைக்கும். வெளியூர் நகல் பூட்டுப் போட்டுக் கிளவுடுக்குப் போனது. பூட்டின் சாவி இவர்களிடம் மட்டும். முட்டுக்காட்டு ஹார்ட் டிஸ்க் வேலையிலிருந்து நீக்கப்பட்டது. நீக்குகிற உரிமையும் ஜெபசிங்கிடமிருந்து நீக்கப்பட்டது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து எண்ணிப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குவது என்றானது. அவிசுவாசம் என்ற பேச்சே எழவில்லை.

அறுநூற்று நாற்பது படிவங்களை ரெஜினாவும் மார்கரெட்டும் மூன்று வாரம் உட்கார்ந்து தட்டினார்கள். பிறகு, பழைய பட்டியலில் இருந்தவர்களில் யாருக்கு என்ன ஆனது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அப்படித்தான் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தாவீது என்பவரைக் கூப்பிட்டாள். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் பேர் ஜெபக்குமார், இருபத்தொன்பது வயது, மகேந்திரா சிட்டியில் வேலை.

"ஐயா, தம்பிக்கு இன்னும் வரன் பாக்குறீங்களா? கல்யாணம் முடிஞ்சிடுச்சா?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை யாரோ நிறுத்தினார்கள்.

"செப்டம்பர்ல ஈ.சி.ஆர். ரோட்டுல வண்டி மோதிப் போயிட்டாம்மா. அப்பவே ஒங்க ஐயாவுக்கு போன் பண்ணிச் சொன்னேனே. மெசேஜும் நின்னுச்சு."

செப்டம்பரில் ரெஜினாவேதான் அந்தப் பதிவைப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தாள். இப்போது நினைவுக்கு வந்தது. பழைய நகலைப் போட்டதை, அது தங்கள் தவறு என்பதை, எப்படியோ சொல்லி முடித்தாள். "இப்பவே எடுத்துடறேன் ஐயா. இனிமே வராது."

"இரும்மா. அவசரமில்ல." என்றார் அவர். "மொதல்ல வந்தப்ப கோவம்தான் வந்துச்சு. அப்புறம் அவங்க அம்மா அந்த அஞ்சு பொண்ணு பேரையும் படிக்கச் சொன்னா. நர்ஸு ஒண்ணு, டீச்சர் ஒண்ணு, நல்ல புள்ளைங்களாத்தான் இருக்குது. மூணு திங்கக்கிழமையா படிச்சுகினு இருக்கோம். யாருக்கும் தொந்தரவு இல்லன்னா, இருந்துட்டுப் போவட்டும்."

ரெஜினா அன்று மதியம் ஒரு வேலை செய்தாள். ஜெபக்குமாரின் பதிவை எந்தப் பெண்ணுக்கும் காட்டாதபடி மறைத்தாள். மெசேஜை மட்டும் விட்டுவைத்தாள். மாதத் தாளில், 'மறைத்த பதிவு: ஒன்று' என்று எழுதி ஜெபசிங்கின் மேசையில் வைத்தாள்.

"இது இன்னாம்மா?"

சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"இது நம்ம ரூல்ல இல்லியே."

"இல்ல ஐயா. எடுத்துடவா?"

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். தாளை நீட்டப் போனவர், கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"அந்த அஞ்சு பேர யாரு எடுக்கறது?"

"மிஷினே எடுக்குது ஐயா. வயசு, படிப்பு, ஊரு பாத்து."

"மிஷின் வேணாம். நீயே எடும்மா. போட்டோ, அட்ரஸு எதுவும் போவக் கூடாது. பேரும் வேலையும் போதும். கொஞ்சம் நல்ல புள்ளைங்களாப் பாத்து எடு."

அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து, காலை ஒன்பதே முக்காலுக்கு, ரெஜினா அதற்காகப் பத்து நிமிடம் ஒதுக்கினாள்.