வேண்டுதல் கூழ்

மாசிலாமணி பிழைத்தது கடலோர ஊரூர் குப்பத்துக்கே அதிசயம். வாந்திபேதி மூன்று நாள் அவனை முறுக்கிப் பிழிந்தது. நாலாம் நாள் காலை, "கொஞ்சம் கஞ்சி குடு" என்று வாய் திறந்து கேட்டான். அவன் பெண்டாட்டி தேசம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் பிழைத்தால் வருகிற வெள்ளிக்கிழமையே அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாளே, விடுவாளா?

சுகாதார இன்ஸ்பெக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். "பேதி நின்னாலும் அவன் துணியில நோய் இருக்கும்மா. கொதிக்கவெச்சுத் துவை. சோப்பு போட்டுக் கை கழுவு. ஊருக்குப் போடற சோத்துல இப்ப கை வைக்காதே."

"உப்புத் தண்ணியில போவாத அழுக்கு இன்னா சாமி கீது?" என்று சிரித்தாள் தேசம்மா. சோறு போடுகிற கடல்தானே தீட்டும் கழிக்கிறது! அந்தக் குப்பத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புருஷன் அழுக்காக்கிய வேட்டியை அலையில் அலசினாள். அதே அலையில் கையையும் அலசிக்கொண்டு நேரே பானையிடம் வந்தாள். கேழ்வரகுக் கூழ் முந்தின நாளே நன்றாகக் கொதித்து ஆறியதுதான். ஆனால் வேண்டுதல் கூழை வேண்டிக்கொண்டவள் கையால்தான் கரைக்க வேண்டும், அகப்பை கூடாது. முழங்கை வரை விட்டுக் கரைத்தாள், பாவி மகள், எவ்வளவு சந்தோஷமாக!

அடுத்த வீட்டு அந்தோணியம்மாள் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் ஐந்து வயது மகள் ஞானப்பூவோடு முதல் ஆளாக வந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீட்டில் வாந்திபேதி. நாலு வீட்டில் எப்படியோ தப்பினார்கள். திங்கட்கிழமை ஞானப்பூவைப் புதைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அந்த நாலு வீட்டிலும், "வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நாலிலும் ஒரே பதில். அந்தோணியம்மாளிடம் கேட்க மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற தேசம்மா தன் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தோணியம்மாளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, உன் ஊட்டுக்காரன் பொழச்சதுக்கு ஊத்துன கூழாச்சேன்னு கொயந்தைக்கு இன்னொரு சொம்பு வாங்கிக் குடுத்தேன். ஆசையா குடிச்சுது. ஏழாம் நாளு அவ பேர்ல ஊருக்குக் கூழ் ஊத்தப்போறேன். நீதான் வந்து கரைக்கணும்."

சும்மா தலையாட்டியிருக்கலாம். ஆனால் காரணம் தெரியாத ஊர் அலையிலேயே கை அலசிக்கொண்டிருக்க, ஏழாம் நாளும் குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் சொம்பைத் தூக்கிக்கொண்டு வருமே!

"என் கை வேணாண்டி," என்றாள் தேசம்மா. "இந்தக் கையாலதாண்டி உன் கொயந்த பூட்டுது. அவரு வேட்டிய அலசிட்டு, சோப்பு போடாம வந்து கரைச்சேன். அந்த ஆபீசரு அப்பவே சொன்னாரு. நான்தான் கேக்கல."

அந்தோணியம்மாள் தான் பிடித்திருந்த கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.